வண்டி தாங்குமா, மச்சான்?

எங்கள் மாப்பிள்ளை (அதாவது என் தங்கை புருஷன்) ரிடையர் ஆன மறுநாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு குயர் நோட்டு. காதில் பென்சில். முப்பத்துநாலு வருஷம் ஃபைலோடு குடித்தனம் நடத்திய மனுஷர். திடீரென்று ஃபைல் இல்லாமல் போனால் என்ன செய்வார்? சொந்தமாக ஒன்று ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், வண்டி வாங்கப் போறேன்."

"ஸ்கூட்டரா?"

"லோடு வண்டி."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் வேங்கிக்காலில் ரிடையர் ஆனவர்களுக்கு மூன்றே வேலைதான். காலையில் ஏரிப் பக்கம் வாக்கிங். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம். மிச்ச நேரத்தில், கலெக்டர் ஆபீஸ் இங்கே வருவதற்கு முன்னால் மனை என்ன விலைக்குப் போனது என்று பெருமூச்சு விடுவது. நாலாவதாக லோடு வண்டி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"என்ன ஏத்தப் போறீங்க? நெல்லா, மல்லாட்டையா?"

"உங்க தங்கச்சியை!" என்றார்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கிற பையன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். அங்கே பிக்கப் வண்டியின் பின்பக்கத் தொட்டியில் ஒரு குட்டி வீட்டையே தூக்கி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம் சகலமும். ஊர் வந்ததும் நாலு கால் முட்டுக் கொடுத்து வீட்டை நிறுத்திவிட்டு, வண்டியை மட்டும் உருவிக்கொண்டு போய்க் காய்கறி வாங்கி வருகிறார்கள்.

என் தங்கைக்கு மூன்று வருஷமாக மூட்டு வலி. லாட்ஜில் மாடி ரூம் கொடுத்தால் ஏற முடியாது. கீழே கொடுத்தால் பாத்ரூமில் உட்கார்ந்து எழ முடியாது. அதனால் எங்கேயும் போவதில்லை. ராமேஸ்வரம், கன்னியாகுமரி, பிறகு காசி என்று ஒரு லிஸ்ட் மட்டும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

"வீட்டையே கூட்டிட்டுப் போயிட்டா லாட்ஜ் எதுக்கு மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. குரலில் கொஞ்சம் தழுதழுப்பு. ரிடையர்மென்ட் பணத்தில் ஒரு பெரிய துண்டு இதற்கென்று ஒதுக்கியாகிவிட்டதாம். நான் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

*

முதலில் வெல்டிங் பட்டறை. நோட்டில் போட்டிருந்த படத்தைப் பட்டறைக்காரரிடம் காட்டினார் மாப்பிள்ளை. அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரசித்துப் பார்த்தார்.

"சூப்பரா பண்ணிடலாம் ஸார். பைப் ஃபிரேம், பிளைவுட், மேல தகடு."

"எவ்வளவு வெயிட் வரும்?"

அவர் கண்ணை மூடி ஆகாயத்தைப் பார்த்தார். "ஒரு நானூத்தம்பது கிலோ."

"குட்டி யானை தாங்குமா?"

"தாங்கும் ஸார்!"

இந்த 'தாங்கும் ஸார்' இருக்கிறதே, தமிழில் இதைவிட ஆபத்தான இரண்டு வார்த்தை கிடையாது. பந்தக்கால், பரண், பாலம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். சொல்கிறவர் யாரும் அதற்குக் கீழே நின்று சொல்வதில்லை.

டாட்டா ஏஸ் 2005-ல் வந்தது. வந்த ஜோரில் நம்ம ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள். வாழைத்தார் முதல் கல்யாண வீட்டு சீர்வரிசை வரை சுமக்கிற உத்தம ஜீவன். ஆனால் பெயர்தான் யானை. சாதாரண ரகத்துக்குக் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிற பாரம் 750 கிலோ சுமாருக்குத்தான். அதற்கு மேல் ஏற்றி ஓட்டுகிறவர்கள் இல்லையா என்று கேட்காதீர்கள். ரெட்டை வேஷ்டி கட்டிக்கொண்டு சுவர் ஏறிக் குதிக்கிறவர்களும் உண்டு.

"450 போனா 300 மிச்சம் இருக்கே, போதாதா?" என்றார் மாப்பிள்ளை.

அப்போதுதான் எனக்கு எதிர் வீட்டு ஸார் ஞாபகம் வந்தது. அவர் ரிடையர்டு பிரேக் இன்ஸ்பெக்டர். வாழ்நாளில் பாதியை லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தே கழித்தவர். இப்போதும் யாராவது வீட்டுக்கு வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் வண்டி டயரைத்தான் பார்ப்பார்.

*

மாப்பிள்ளையின் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு ஸார் ஒரே கேள்வி கேட்டார்.

"தண்ணி எவ்வளவு?"

"ஒரு எரநூறு லிட்டர் டேங்க்."

"எரநூறு லிட்டர்னா எவ்வளவு கிலோ?"

மாப்பிள்ளை முழித்தார். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்று ஆறாம் கிளாஸில் படித்தது. ரிடையர் ஆகும்வரை உபயோகப்படவில்லை.

"எழுதுங்க," என்றார் ஸார். நான் பென்சிலை வாங்கிக்கொண்டேன்.

கூண்டு 450. தண்ணீர் 200. ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டு, ஒன்று 55 கிலோ வீதம் 110. கேஸ் சிலிண்டர், உள்ளே இருக்கிற கேஸ் 14.2 கிலோ, இரும்பு அதே அளவுக்குச் சற்று மேல், ஆக 30. ஃபிரிட்ஜ் 35. கிரைண்டர், அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு 60. வெஸ்டர்ன் டாய்லெட் 25. மெத்தை, துணிமணி 40.

"அவ்வளவுதானே?" என்றேன்.

"வண்டியை யார் ஓட்டறது? சாமியா?"

அதுவும் சரிதான். ஸீட்டில் உட்காருகிற ஆசாமிகளும் வண்டியின் மொத்த எடையில் அடக்கம். மாப்பிள்ளை தன் எடையை ஒரு சின்ன இருமலோடு சொன்னார். என் தங்கையின் எடையைச் சொல்ல மறுத்துவிட்டார். இந்த வயதில் அவருக்கு வீட்டில் இரண்டு வேளை சோறாவது கிடைக்கவேண்டும் இல்லையா! நானே உத்தேசமாகப் போட்டு இரண்டு பேருக்கும் சேர்த்து 150 என்று எழுதினேன்.

கூட்டினால் 1,100 கிலோ! குட்டி யானைக்கு மேலே இன்னொரு அரைக் குட்டி யானை.

ஸார் விளக்கினார். ஆர்.சி.யில் இரண்டு எடை போட்டிருக்கும். ஒன்று காலி வண்டி எடை. இன்னொன்று பாரத்தோடு சேர்த்து அந்த வண்டி ரோட்டில் இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை. அதிலிருந்து இதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் பாக்கி. அந்தப் பாக்கிக்குள்தான் கூண்டு, கட்டில், தண்ணீர், தலைகாணி, தலைவர், தலைவி எல்லாரும் அடங்கவேண்டும். விளம்பரத்தில் போட்டிருக்கிற குதிரைசக்திக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இழுக்கிற பலம் வேறு, தாங்குகிற பலம் வேறு.

"அமெரிக்காவிலே எப்படி ஸார்?"

அங்கே டிரைவர் கதவைத் திறந்தால், கதவோரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமாம். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை எடைக்கு மேல் போகக்கூடாது என்று அந்த வண்டிக்கென்றே போட்ட நம்பர். அப்படியும் அங்கேயும் ஏமாறுகிறவர்கள் உண்டு. அந்தக் குட்டி வீட்டை விற்கிறவர்கள் தண்ணீர், கேஸ், சாமான் எதுவும் இல்லாத வறட்டு எடையைச் சொல்லி விற்றுவிடுவார்கள். வாங்கினவர் தண்ணீர் ரொப்பி, சாமான் ஏற்றி, பொண்டாட்டி பிள்ளையோடு கிளம்பிய பிறகுதான் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருப்பது தெரியும். உட்கார்ந்த பின்பக்கம் என்பது உலகம் பூராவும் ஒரே பாஷை.

*

சரி, பெரிய வண்டி பார்ப்போம் என்று கிளம்பினோம். 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், ஒண்ணேகால் டன். மஹிந்திரா பொலேரோ பிக்கப்பில் 1.3 டன் உண்டு, 1.7 டன் உண்டு. பொலேரோவிலேயே 'கேம்பர்' என்று ஒரு ரகம் இருப்பதைப் பார்த்ததும் மாப்பிள்ளை துள்ளிக் குதித்தார்.

"பேரே கேம்பர் மச்சான்! நமக்குன்னே செஞ்ச மாதிரி!"

பெயரைப் பார்த்து வண்டி வாங்கினால் இப்படித்தான். அதில் முன்னால் இரண்டு வரிசை ஸீட். ஐந்து பேர் சௌகரியமாக உட்காரலாம். ஆனால் பின்னால் தொட்டி சின்னது, பாரம் 1,000 கிலோதான். நம்ம கணக்கு 1,100. பெயரில் கேம்பர் இருக்கிறதே தவிர, நாம் கட்டுகிற கேம்புக்கு இடம் இல்லை.

1.3 டன் வண்டி சரியாக வரும்போல் இருந்தது. 1,300-ல் 1,100 போனால் 200 மிச்சம். "அட்வான்ஸ் கொடுத்துடலாமா?" என்று மாப்பிள்ளை பாக்கெட்டைத் தொட்டார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஸார் தடுத்தார். "அந்த நானூத்தம்பதை யார் எடை போட்டாங்க?"

யாரும் போடவில்லை. பட்டறைக்காரர் ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னது.

கிரிவலப் பாதையில் டிபன் வண்டி போடுகிற சிநேகிதர் ஒருவர் உண்டு. பௌர்ணமி ராத்திரி பதினாலு கிலோமீட்டர் நடக்கிற ஜனங்களுக்கு இட்லி ஊற்றிக் கொடுக்கிற புண்ணியவான். பிக்கப் வண்டிமேல் இதே மாதிரி கூண்டு, ஏறக்குறைய இதே அளவு. கூண்டு கட்டுவதற்கு முன்னால் வண்டியை எடை போட்ட சீட்டை மனுஷர் பத்திரமாக வைத்திருந்தார். பாத்திரங்களை இறக்கிவிட்டு, ஒரு ரைஸ் மில் எடை மேடைக்கு ஓட்டிப் போனோம்.

நெல் மூட்டை லாரிகளுக்கு நடுவில் க்யூவில் நின்று ஏறினோம். சீட்டு வந்தது. பழைய சீட்டோடு கழித்துப் பார்த்தேன்.

கூண்டு மட்டும் 620 கிலோ.

பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை ஸார். ஃபிரேமைச் சொன்னார், பிளைவுட்டைச் சொன்னார், தகட்டைச் சொன்னார். ஸ்க்ரூ, கீல், ஜன்னல், கதவு, மைக்கா, பெயின்ட், பசை இவற்றையெல்லாம் கல்யாணச் செலவில் வெற்றிலை பாக்கு மாதிரி விட்டுவிட்டார். கல்யாணம் பண்ணினவர்களுக்குத் தெரியும், அதுவே எவ்வளவு ஆகும் என்று.

ஆக மொத்தம் 1,270. பாக்கி 30 கிலோ. ராமேஸ்வரத்தில் சங்கும், திருநெல்வேலியில் அல்வாவும் வாங்கினால் தீர்ந்தது.

ஸார் விடவில்லை. "இப்ப பின் சக்கரம் ரெண்டை மட்டும் மேடையில நிறுத்து."

நிறுத்தினோம். மொத்த எடையில் பெரும்பங்கு அங்கேதான் இருந்தது. கூண்டு பின்பக்கம் இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போதாததற்குத் தண்ணீர் டேங்க் கடைக்கோடியில்.

"சைக்கிள் கேரியர்ல அரிசி மூட்டை வெச்சு ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார் ஸார். நான் ஓட்டியிருக்கிறேன். ஹேண்டில்பார் காற்றில் ஆடும். முன் சக்கரம் தரையைத் தொடுகிறதா என்று சந்தேகமாக இருக்கும். வண்டியும் அதேதான். பாரத்தின் மையம் பின் ஆக்ஸிலுக்கு முன்னால் விழவேண்டும். பின்னால் தள்ளிப்போனால் முன் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறையும். ஸ்டியரிங் நீங்கள் சொல்வதைக் கேட்காது. டேங்கையும் பேட்டரியையும் கேபினை ஒட்டி, தரையோடு தரையாக வைக்கவேண்டும்.

மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கு ஸார் இவ்ளோ யோசனை? ஸ்பிரிங் பட்டை ரெண்டு சேர்த்துட்டா நிமிந்து நிக்கும்."

நிமிர்ந்து நிற்கும், வாஸ்தவம்தான். பட்டை சேர்த்தால் பின்பக்கம் உயரும். பிரேக் உயருமா? ஆக்ஸில் உயருமா? டயரின் பக்கவாட்டில் ஒரு நம்பர் இருக்கும். 104 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும் என்று அர்த்தம். பட்டை சேர்த்தால் அந்த நம்பர் மாறுமா? ஆர்.சி.யில் இருக்கிற எடையும் மாறாது. முதுகு நிமிர்ந்துவிட்டது என்பதால் முழங்கால் வலி போய்விடுமா? என் தங்கையைக் கேளுங்கள்.

*

மாப்பிள்ளையின் திட்டப்படி முதல் வெள்ளோட்டம் ஜவ்வாது மலை. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர். ஏறுவது பிரச்னை இல்லை, எஞ்சின் முக்கி முனகி ஏறிவிடும். இறங்கும்போதுதான் விஷயம். அத்தனை கிலோவையும் பிடித்து நிறுத்தவேண்டியது நாலு சக்கரத்துப் பிரேக். வளைவுக்கு வளைவு அழுத்தினால் சூடேறும். சூடு அதிகமானால் பிடிப்பு குறையும். அளவோடு இருந்தால் கீழ் கியரில் மெல்ல இறங்கலாம். அளவு மீறினால் அண்ணாமலையாரைக் கூப்பிடவேண்டியதுதான்.

என் தாத்தா காலத்தில் தீபத்துக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டுதான் வருவார்களாம். உள்ளே வைக்கோல், அதன்மேல் ஜமுக்காளம், மூலையில் கட்டுசாதம், அடியில் ஒரு லாந்தர். ராத்திரி தூக்கமும் அதிலேயேதான். டல்லாஸ்காரன் இப்போது கண்டுபிடித்ததை நாம் எப்போதோ அனுபவித்துவிட்டோம். ஆனால் அதில் ஒரு சௌகரியம் இருந்தது. பாரம் அதிகமானால் மாடு படுத்துவிடும். நீங்கள் தார்க்குச்சி எடுத்தாலும், வாலை முறுக்கினாலும், இறக்கினால்தான் எழுந்திருக்கும். வண்டி அப்படிப் படுக்காது. ஒரு வார்த்தை சொல்லாமல் சமத்தாகப் போய்க்கொண்டே இருக்கும், மலையில் மூன்றாவது வளைவு வரைக்கும்.

சட்டமும் சும்மா இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பாரம் மீறினால் அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் அதிகப்படி ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகச் சரக்கை அங்கேயே இறக்கிவைக்கவும் சொல்லலாம். நெல் மூட்டையானால் இறக்கலாம். கட்டிலையும் டாய்லெட்டையும் நடுரோட்டில் இறக்கி வைத்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

கம்பெனி கொடுத்த வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றவும் கூடாது. அது 52-வது பிரிவு. வீட்டு வண்டிகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்று தனி அளவுகோலே இருக்கிறது. அது தெரிந்த, அங்கீகாரம் பெற்ற பாடி பில்டரிடம் கட்டி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளவேண்டும். ஒன்று கிடக்க ஒன்று ஆனால், இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது ஆர்.சி.யைத்தான். முக்கியமாக, வண்டி ஓடும்போது பின்கூண்டில் ஒருவரும் உட்காரவோ படுக்கவோ கூடாது.

"அப்ப அவ முன்னாலதான் உட்காரணுமா?" என்றார் மாப்பிள்ளை. கட்டிலில் படுத்தபடி தங்கை காசிக்குப் போகிற காட்சியை அவர் நோட்டில் படமே போட்டு வைத்திருந்தார்.

*

ராத்திரி அவர் வீட்டில் கூடினோம். 1.7 டன் வண்டிக்குப் போனால் பாரம் சரிக்கட்டும். ஆனால் விலை கூட, நீளம் கூட. எங்கள் தெருவில் திரும்பவேண்டுமென்றால் இரண்டு வீட்டுத் திண்ணையை இடிக்கவேண்டும். பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

என் தங்கை தோசையோடு வந்தாள். நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"இதென்னண்ணா, கிரைண்டர்னு எழுதியிருக்கு?"

"உனக்குத்தாம்மா. போற எடத்துல மாவு அரைக்க."

"அடுப்பு?"

"சமைக்க."

"ஃபிரிட்ஜு?"

"மாவு வைக்க."

தட்டை டொக்கென்று வைத்தாள். "முப்பது வருஷமா இந்த அடுப்படியிலே நிக்கறேன். அதை விட்டுட்டு நாலு நாள் எங்கேயாவது போகணும்னுதானே நான் கேட்டேன்? அடுப்படிக்குச் சக்கரம் வெச்சு என்னோடயே அனுப்பறீங்களே, இது நல்லாருக்கா? காசியிலே போயும் நான் தோசை ஊத்தணுமா?"

நிசப்தம். நாங்கள் மூன்று பேரும் நாள் முழுக்க வண்டியைக் கேட்டோம், டயரைக் கேட்டோம், எடை மேடையைக் கேட்டோம். போகவேண்டியவளை யாரும் கேட்கவில்லை.

"உனக்கு என்னதான் வேணும்?" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக.

"சுத்தமா ஒரு டாய்லெட். உயரமா ஒரு கட்டில். ஏற எறங்க ரெண்டு படி, பிடிச்சுக்க ஒரு கம்பி. டீயும் இட்லியும் எந்த ஊர்லதான் கிடைக்காது?"

நான் பென்சிலைத் திருப்பி ரப்பர் முனையால் அழிக்க ஆரம்பித்தேன். ஃபிரிட்ஜ் 35 போச்சு. கிரைண்டர், அடுப்பு, பாத்திரம், பருப்பு 60 போச்சு. சிலிண்டர் 30 போச்சு. ஃபிரிட்ஜே இல்லையென்றால் இரண்டாவது பேட்டரி எதற்கு? 55 போச்சு. பாத்திரம் கழுவ வேண்டாமென்றால் தண்ணீர் பாதி போதும். நூறு போச்சு.

மொத்தம் 280 கிலோ. 1,270-ல் கழித்தால் 990.

1.3 டன் வண்டிக்கு இப்போது 310 கிலோ பாக்கி! கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு மிச்சம். பிரேக் இன்ஸ்பெக்டர் ஸார் தோசையை விட்டுவிட்டு எழுந்து நின்றார். "இப்ப வாங்கலாம். மிச்சம் இல்லாம வண்டி வாங்கக்கூடாது. வீடு கட்டினவனுக்கும் வண்டி கட்டினவனுக்கும் சாமான் சேராம இருக்காது."

உங்களில் யாராவது இந்த மாதிரி கிளம்புவதாக இருந்தால் நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் வண்டியைப் பார்க்காதீர்கள். முதலில் லிஸ்ட். பிறகு அந்த லிஸ்ட்டை வீட்டுக்காரம்மாவிடம் காட்டுங்கள். பிறகு கூட்டல். கடைசியில்தான் ஷோரூம். கட்டி முடித்த பிறகு தண்ணீர் ரொப்பி, ஆளும் ஏறி உட்கார்ந்து எடை மேடையில் ஒருமுறை. நாலு சக்கரத்துக்கு ஒரு சீட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு சீட்டு. அந்த இரண்டு சீட்டும் ஜாதகத்தைவிட உசத்தி.

வண்டி புக் ஆகிவிட்டது. அங்கீகாரம் உள்ள பாடி பில்டர் அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். பட்டறைக்காரருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "நாங்க கட்டினாலும் தாங்கியிருக்கும் ஸார்" என்கிறார்.

ஒரே ஒரு சிக்கல். நேற்று மாப்பிள்ளை நோட்டோடு மறுபடியும் வந்தார்.

"மச்சான், 310 கிலோ சும்மாதானே இருக்கு. நீங்களும் அக்காவும் சாமானோட வந்தா..."

"முன்னால எத்தனை ஸீட்டு?"

நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். பாரம் தாங்கும். ஸீட்டுதான் இல்லை.